பத்து வருடம் ‘வாயு’ என்றே நம்பினேன்: வயிற்றுக் கிருமி அனுபவங்கள்

திருச்சிக்காரன்:
இரவு இரண்டு மணிக்கு மேல்வயிற்று வலி எழுப்பிவிடும். இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கும். வீட்டில் ஒரே தீர்ப்பு: வாயு. அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். மருந்துக்கடையில் அமிலத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். பத்து வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் ஒருவழியாக எண்டோஸ்கோபி. முன்சிறுகுடலில் புண். இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கை மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள். சிறிது நேரத்தில் அது சிவந்துவிட்டது. “இதுதான் உங்கள் வாயு” என்றார் டாக்டர். ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை அமோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு குடியிருக்கும் திருகு வடிவக் கிருமி. ஜெல் சிவந்ததும் அந்த அமோனியாவால்தான்.

பதினான்கு நாள் மருந்து. செப்புக்காசைச் சப்பியதுபோல் நாக்கில் ஒரு கசப்பு, ரசம்கூட இறங்கவில்லை. ஆறாம் நாள் வலி போனது, நானும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். முட்டாள்தனம். மூன்றே மாதத்தில் வலி திரும்பியது. இம்முறை பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துகள். மலம் கரியாகப் போகவே பயந்து டாக்டரைக் கூப்பிட்டேன். பிஸ்மத் என்றால் அப்படித்தான் என்று சிரித்தார்.

நாகர்கோவில் மகள்:
அண்ணா, உங்களுக்குக் காரணம் பிஸ்மத். ஆனால் கரிய மலத்தை எல்லோரும் அப்படிச் சிரித்துக் கடந்துவிட முடியாது. என் அப்பா மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் வலிமாத்திரை விழுங்கியவர். மலம் தார்போல் போனதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை குளியலறையிலேயே மயங்கி விழுந்தார். இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தக்கசிவு. மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அவருக்கும் இதே கிருமி இருந்தது. கிருமியும் வலிமாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

கோவை வாசகி:
எனக்கு வயிற்றுவலியே கிடையாது. ஹீமோகுளோபின் மட்டும் எட்டைத் தாண்டவில்லை. இரண்டு வருடம் இரும்பு மாத்திரை, பேரீச்சை, முருங்கைக்கீரை, மாமியாரின் குத்தல். கிருமியைக் கொன்ற பிறகுதான் அதே மாத்திரை உடம்பில் ஒட்டியது.

ஆய்வகத்தில் இருப்பவன்:
இந்தக் கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர் அன்று காலையும் அமில மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள். கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அந்த மாத்திரையை இரண்டு வாரம் முன்பே டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக் என்றால் நான்கு வாரம். குணமானதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உதவாது, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் பல மாதங்கள் ரத்தத்தில் தங்கும்.

இந்தக் கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து டாக்டர் பாரி மார்ஷல் 1984இல் அதை வளர்த்த திரவத்தையே குடித்தார். இரைப்பை அழற்சி வந்தது; 2005இல், உடன் ஆராய்ந்த ராபின் வாரனோடு நோபல் பரிசும் வந்தது. உலகில் ஏறக்குறையப் பாதிப்பேர் வயிற்றில் இது உண்டு, பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில், அதாவது உறுதியானவற்றில், இதைச் சேர்த்துவிட்டது. திருச்சி அண்ணா, மருந்து முடிந்து மறுபரிசோதனை செய்தீர்களா?

திருச்சிக்காரன்:
செய்தேன் தம்பி, ஐந்து வாரம் கழித்து. கிருமி இல்லை. அறிக்கையை அம்மாவிடம் காட்டினேன். மோரில் பெருங்காயம் போட்டதால்தான் என்கிறார்.