இபி-1ஏ மனுவில் பரிந்துரைக் கடிதங்கள்: என் அனுபவம்

நம் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருந்தால் இபி-1ஏ மனு (தனித்திறன் உள்ளவர்கள் அமெரிக்க கிரீன் கார்டுக்காகக் கொடுப்பது) ஏற்கப்படும் என்று இங்கே சிலர் கேட்டிருக்கிறீர்கள். விதிமுறையில் அப்படி ஓர் எண் கிடையாது. என் மனுவிலும் எங்கள் ஆய்வகத்தில் உடன் பணியாற்றிய நண்பர்களின் மனுக்களிலும் நான் கண்டவரை, நம் ஆய்வைப் பிறர் எடுத்து என்ன செய்தார்கள் என்பதைக் காட்டும் ஆவணங்களே முடிவைத் தீர்மானித்தன.

நோபல் போன்ற பெரும்பரிசு பெறாதவர்கள் விதிமுறை கூறும் 10 அளவுகோல்களில் குறைந்தது 3 தமக்குப் பொருந்துவதாகக் காட்ட வேண்டும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பவை, ஆய்விதழ்களுக்காகப் பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டது, சொந்தக் கட்டுரைகளை வெளியிட்டது, துறைக்குப் பெரும் முக்கியத்துவமுள்ள புதிய பங்களிப்பைச் செய்தது ஆகிய மூன்றுமே. முதல் இரண்டுக்குச் சான்று திரட்டுவது எளிது. மதிப்பிட அழைத்த மின்னஞ்சல் மட்டும் போதாது, மதிப்பீட்டை முடித்து அனுப்பியதற்கான அத்தாட்சியும் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்றாவதுதான் கடினம்.

இதைப் புரிந்துகொள்ள 2010இல் அமெரிக்காவின் ஒன்பதாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த கசாரியன் வழக்கு எனக்கு மிகவும் உதவியது. மனுதாரர் ஒரு கோட்பாட்டு இயற்பியலாளர். கட்டுரைகளுக்கு ஆய்வுலகில் கிடைத்த வரவேற்பையும் நிரூபித்தால்தான் கட்டுரை வெளியீட்டு அளவுகோல் நிறைவேறும் என்று குடிவரவுத் துறை கூறியது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பங்களிப்பைப் பொறுத்தவரை, இயற்பியல் பேராசிரியர்கள் எழுதிய கடிதங்கள் இருந்தும் அவருடைய வாதம் ஏற்கப்படவில்லை. இரண்டு அளவுகோல்களே நிறைவேறியதால் நிராகரிப்பு உறுதியானது. அதன் பிறகே, முதலில் அளவுகோல்களை எண்ணுவது, பின்னர் துறையின் உச்சியை எட்டிய மிகச் சிலரில் இவர் ஒருவரா என்று மொத்தச் சான்றையும் சீர்தூக்குவது என்ற இரண்டு கட்ட முறை நடைமுறைக்கு வந்தது.

நெல் குலைநோய்ப் பூஞ்சையை இலையில் புள்ளி தோன்றும் முன்பே கண்டறியும் மரபணுச் சோதனையில் நான் பணியாற்றிவந்தேன். மனு கொடுத்த பின், பங்களிப்பின் முக்கியத்துவத்துக்குக் கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ எனப்படும் கடிதம் குடிவரவுத் துறையிடமிருந்து வந்தது. நாங்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பகுதி என்னோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்களிடமிருந்து வந்தவை; அவை என் திறமையைப் புகழ்ந்தனவே தவிர, அந்தச் சோதனை வேறெங்கே பயன்பட்டது என்பதைச் சொல்லவில்லை. பதில் தர 12 வாரங்களுக்கு மேல் அவகாசம் கிடையாது என்பதால், என்னை நேரில் அறியாத, எங்கள் முறையைத் தம் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் குறிப்பிட்டிருந்த ஆய்வாளர்களுக்கு உடனே எழுதினேன். அவர்களில் ஒருவர், நாற்றங்கால் மாதிரிகளை எங்கள் முறையில்தான் தம் ஆய்வகம் சோதிக்கிறது என்றும், அதற்கு முன் எந்த முறையைப் பயன்படுத்தினார்கள், அதில் என்ன சிக்கல் இருந்தது என்றும் ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தையும், அதில் சொல்லப்பட்ட கட்டுரைகளில் எங்கள் முறை இடம்பெறும் வரிகளுக்கு அடையாளமிட்ட நகல்களையும் அருகருகே வைத்து அனுப்பினோம். மனு ஏற்கப்பட்டது. முன்பின் அறியாத ஒருவருக்காக நேரம் ஒதுக்கி அதை எழுதிய அந்த ஆய்வாளருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

பிரீமியம் பிராசஸிங் குறித்தும் கேட்டிருந்தார்கள். கூடுதல் கட்டணம் செலுத்தினால் இபி-1ஏவுக்கான ஐ-140 (வேலைவாய்ப்பு அடிப்படையிலான குடிவரவு மனுப் படிவம்) மனுவுக்கு 15 வேலை நாட்களுக்குள் முடிவோ ஆர்எஃப்இயோ வந்துவிடும்; கிரீன் கார்டு வரிசையை அது அசைக்காது. அந்த வரிசை பிறந்த நாட்டை வைத்தே கணக்கிடப்படுகிறது; இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது நீளமானது. யாருடைய முறை வந்துள்ளது என்று மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினில், 2023 ஆகஸ்டில் இந்தியாவுக்கான இபி-1 தேதி 2012 ஜனவரி 1க்கே பின்னோக்கிப் போனதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆகவே இபி-2 பிரிவில் (உயர்பட்டம் பெற்றவர்கள் போன்றோருக்கானது) முன்பே ஒப்புதல் பெற்ற ஐ-140 இருந்தால், அதன் ஒப்புதல் கடிதத்தை இபி-1ஏ மனுவோடு கட்டாயம் இணைத்து, வரிசையில் நம் இடத்தைத் தீர்மானிக்கும் பழைய முன்னுரிமைத் தேதியையே கேட்டுப் பெறுங்கள். வாழ்க்கைத்துணை வேறு நாட்டில் பிறந்தவரானால் அந்நாட்டின் கணக்கிலும் விண்ணப்பிக்கலாம். எங்கள் ஆய்வக நண்பர் ஒருவர் மதுரையில் பிறந்தவர், அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இலங்கையின் கணக்கில் விண்ணப்பித்ததால் அவர்கள் இந்திய வரிசையில் காத்திருக்க நேரவில்லை.