ஏரிக்கும் கிணற்றுக்கும் அரசுப் பணம் கேட்டுப் போனீர்களா? பெங்களூரு அனுபவங்கள்

ஒயிட்ஃபீல்டு பக்கம், குடியிருப்போர் சங்கச் செயலாளர்:

தங்கள் பகுதித் தண்ணீருக்காக அரசிடம் பணம் கேட்கப் போனவர்கள் என்ன பதிலோடு திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

2024 மார்ச்சில் எங்கள் போர்வெல்கள் வற்றின. நகரத்தின் ஏறக்குறைய 14,000 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வரே சொன்ன நாட்கள் அவை. 12,000 லிட்டர் லாரிக்கு, ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்டியது. விலை தாளில் இருந்தது, லாரி தெருவில் இல்லை. இந்தச் சூட்டிலேயே கேட்டுவிட வேண்டும் என்று நாலைந்து பேர் மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகத்துக்குப் போனோம். பக்கத்து ஏரியைத் தூர்வார வேண்டும், ராஜகாலுவேயில் (மழைநீர்ப் பெருங்கால்வாயில்) கலக்கும் சாக்கடையைத் திருப்ப வேண்டும், சிறிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வேண்டும் என்பதுதான் மனு. உதவியாளர் படித்துவிட்டு, "காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வரப்போகிறதே, ஏரி எதற்கு சார்?" என்றார்.

காவிரியும் அந்த அக்டோபரில் வந்தது. 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்பது திட்டம்; பணம் ஜப்பானியக் கடன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டமாகப் பம்ப் செய்து மேட்டுக்கு ஏற்றப்படும் தண்ணீர். திட்டம் முடிந்தாலும் மின்கட்டணம் முடியாது. அவ்வளவு செலவில் கொண்டுவந்ததை ஒருமுறை குளித்துவிட்டு பெல்லந்தூர் ஏரிப் பக்கம் தள்ளிவிடுகிறோம். அந்த ஏரி நுரைத்துக் கிடந்ததையும், 2017இலும் 2018இலும் தீப்பிடித்து எரிந்ததையும் ஊரே பார்த்தது. தூரத்துத் தண்ணீருக்குக் கிடைக்கும் கடனில் ஒரு துண்டு காலடித் தண்ணீருக்கு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டேன். அந்த அலுவலகத்தில் பதில் இல்லை. தேநீர் இருந்தது.

ஹலசூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி, மனுவில் காவிரி என்ற பெயரையே எடுக்காமல் எழுதுவது எங்கள் பழக்கம். 1991, 2016 காவிரிக் கலவரங்களை இந்தத் தெருக்களில் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நீரில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. அங்கே குறைந்ததை இங்கே குடிப்பவர்கள் நாம். தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குப் போனால் இதற்கே தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஏரி, கிணறு, மழை என்று பேசினால் இரண்டு பக்கமும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அது ஒரு சௌகரியம்.

நான் கேட்டது சிறிய விஷயம்: அரசுப் பள்ளிக் கூரையின் மழைநீரைப் பிடிக்க ஒரு தொட்டி. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்கு 2009 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். செய்யாத வீட்டுக்காரருக்குத் தண்ணீர் பில்லிலேயே அபராதம் ஏறுகிறது. பள்ளிக் கூரையின் மழை மட்டும் நேராகச் சாக்கடைக்கு. பொறியாளர் நல்ல மனிதர்தான். "இதற்குப் பணம் ஒதுக்கக் கணக்குத் தலைப்பே இல்லை, அம்மா" என்றார். கூரை பழுதுபார்க்கத் தலைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஒழுகும் கூரைக்கான எஸ்டிமேட்டிலேயே குழாயும் வடிகட்டியும் தொட்டியும் ஏறிவிட்டன. பிள்ளைகளின் கழிப்பறைக்கு இப்போது அந்த நீர்தான். கோடையில் பழையபடி லாரி, அதை மறைக்கவில்லை.

கோலார் தங்கவயல், தினமும் ரயிலில் பெங்களூரு போய் வருபவர்:

நீங்கள் பெல்லந்தூர் பக்கம் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கு எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது, சார். கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில், சுத்திகரித்த கழிவுநீர் 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்கு முதலில் வந்தது. ஏரியில் தண்ணீரைப் பார்த்தே பல காலம் ஆகியிருந்ததால் எங்கள் பெரியவர்கள் கரையில் நின்று கற்பூரம் ஏற்றினார்கள். சுற்றுக் கிணறுகள் ஊறின. அரசு மனம் வைத்துப் பணம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் பாதிதான் போட்டார்கள். சுத்திகரிப்பு இரண்டாம் நிலையோடு நிற்கிறது. மிச்ச அசுத்தத்தையும் நீக்கும் மூன்றாம் நிலை வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் ஒரு குறைதீர்ப்புக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். மேடையிலிருந்த அதிகாரி, "பயிருக்குத்தானே, குடிக்கவா போகிறீர்கள்?" என்றார். ஏரியில் நிற்கும் நீர் நிலத்தில் இறங்கி போர்வெல்லில் வரும். அதைத்தான் எங்கள் வீடுகளில் குடிக்கிறோம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

ஜெயநகர்:

எல்லாவற்றுக்கும் அரசுதானா? தண்ணீர்க் கட்டணம் 2014க்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் ஏறியது. பத்து ஆண்டுகள் பழைய விலைக்குக் குடித்துவிட்டு ஏரிக்குப் பணம் இல்லை என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

ஒயிட்ஃபீல்டு:

கட்டணம் ஏறட்டும் ஐயா, எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழாயே இல்லாதவன் அந்தப் பழைய விலையை அனுபவித்ததே கிடையாது. அவன் லாரிக்குப் பல மடங்கு கொடுத்தான். ஏரியும் ராஜகாலுவேயும் எந்த அடுக்ககத்துக்கும் சொந்தமல்ல. நாங்கள் சந்தா பிரித்துத் தூர்வாரினால் மேலே உள்ள தெருவின் சாக்கடை மறுபடி வந்து நிறைக்கும். பொதுச் சொத்துக்குப் பொதுப் பணம்தான் வேண்டும். கேட்க ஆளும் வேண்டும்: மாநகராட்சி மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் ஓடின.

ஹலசூர்:

வெயில் காலத்தில் மனு கொடுப்பதை விடுங்கள். மாநில பட்ஜெட் பிப்ரவரி–மார்ச்சில் வருகிறது. பட்டியல் அதற்கு முன்பே தயாராகிவிடும். நவம்பரிலேயே, தோராயச் செலவோடு, ஒரே ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். கூடவே அந்தப் பொறியாளரை ஜக்கூர் ஏரிக்கு அழைத்துப் போங்கள். சுத்திகரிப்பு நிலையத்து நீர் அங்கே கோரைப்புல் சதுப்பு வழியாக ஏரியில் இறங்குகிறது, மீன் பிடிக்கிறார்கள். எங்கள் பொறியாளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கவயல் தம்பியும் ஒரு ஞாயிறு வரலாம். காலையிலேயே வாருங்கள், பத்து மணிக்கு மேல் கரையில் நிழல் இல்லை.