பத்தாம் நாளில் அறுந்துபோகும் பழக்கம்: பிழை எங்கே?

இரவுப்பறவை:
காலையில் 20 நிமிட உடற்பயிற்சி, தியானம், இரவில் 20 பக்க வாசிப்பு, நாட்குறிப்பு. நான்கையும் ஒன்றாம் தேதி சேர்த்து ஆரம்பித்தால் பத்தாம் தேதியோடு நான்கும் நின்றுவிடுகின்றன. 21 நாள் தாக்குப்பிடித்தால் தானாக வந்துவிடும் என்கிறார்கள், அதுவரை போனால்தானே? எதை முதலில் வைப்பது, எவ்வளவு சிறிதாக வைப்பது, ஒரு நாள் விட்டால் என்ன செய்வது? "மன உறுதி வேண்டும்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
முதலில் அந்த 21-ஐ மறந்துவிடுங்கள். அறுவை சிகிச்சையில் முகம் மாறியவர்களுக்குப் புது முகம் பழக "குறைந்தது" 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினார். "குறைந்தது" உதிர்ந்துபோய் எண் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க நடுவாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான், 254 என்பது வரைகோட்டை நீட்டிக் கணித்தது.) தண்ணீர் குடிப்பது போன்ற எளிய வேலை சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. ஆகவே உங்கள் நான்கும் ஒரே வேகத்தில் படியப்போவதில்லை. ஒன்றை மட்டும் எடுங்கள். அது யோசிக்காமலே நடக்கத் தொடங்கிய பிறகு அடுத்தது.

அதைவிடப் பெரிய ஓட்டை "காலையில்", "இரவில்" என்ற சொற்கள். அவை நேரம்கூட இல்லை, வெறும் உத்தேசம். ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலின் வாலில் கட்ட வேண்டும்: "பல் துலக்கி பிரஷை வைத்ததும் உடற்பயிற்சிப் பாயை விரிப்பேன்." அந்தச் செயல் விடுமுறையிலும் தவறாமல் நடக்க வேண்டும், முடிவு பளிச்சென்று தெரிய வேண்டும், புது வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். "வேலையிலிருந்து வந்ததும்" என்று வைத்தால் விடுமுறை நாளில் அறுந்துவிடும். "சாப்பிட்ட பிறகு" என்பது எப்போது முடிகிறது? கை கழுவியதுமா, பாத்திரம் ஒழித்ததுமா? "தூங்கும் முன்" எல்லாவற்றையும்விட மோசம், அப்போது கண் ஏற்கெனவே சொருகிக்கொண்டிருக்கும்.

அரைப்பக்கம்:
மேலே சொன்னதோடு உடன்பாடு. அளவு பற்றி நான் சேர்க்கிறேன்.

அலுப்பும் எரிச்சலும் சேர்ந்த நாளிலும் இரண்டு நிமிடத்தில் முடியக்கூடியதுதான் சரியான அளவு. வாசிப்புக்கு ஒரு பக்கம், உடற்பயிற்சிக்கு ஐந்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது). சிரிப்பாகத் தெரியும், தெரியட்டும். கீழ் அளவை எல்லோரும் சொல்வார்கள். பலர் விடுவது மேல் அளவை. ஐந்தாம் நாள் உற்சாகத்தில் 40 ஸ்குவாட் போட்டால் மனசு 40-ஐத்தான் கணக்கில் வைக்கும். மறுநாள் தொடை வலியோடு ஐந்து போடுவது தோல்வி மாதிரி இருக்கும், பிறகு அதுவும் நிற்கும். முதல் இரண்டு வாரம் பத்துக்கு மேல் போகாதீர்கள். 14 நாளில் 12 நாள் நடந்திருந்தால் கால் பங்கு கூட்டுங்கள். அளவையும் எந்தச் செயலோடு கட்டினீர்கள் என்பதையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். சறுக்கினால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏற்பாட்டை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். புத்தகம் அலமாரியில் இல்லை, தலையணை மேல், பக்கம் பிரித்தபடி. போன் சார்ஜர் அடுத்த அறையில்.

இரவுப்பறவை:
நன்றி. கணக்கு வைக்க ஆப் நல்லதா, காகிதமா?

கணக்குப்பிள்ளை:
காகிதம், அந்த வேலை நடக்கும் இடத்திலேயே. முடித்த கையோடு ஒரு கோடு. இரவு மொத்தமாகக் குறிக்கலாம் என்றால் மூன்றாம் நாளே குழப்பம். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று காட்டும் ஆப்களில் ஒரு வம்பு உண்டு: 40 நாள் ஓடி ஒரு நாள் விட்டால் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்தே பாதிப் பேர் கைவிடுவார்கள். 30 நாளில் எத்தனை என்று எண்ணுங்கள். மேலே சொன்ன ஆய்விலும் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. விட்டதைச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய மட்டும் வேண்டாம், மறுநாள் பளுவாகி அதுவும் போகும்.

ஒரே வாரத்தில் மூன்று முறை விட்டால் கோடுகளைப் பார்த்துப் பிழையைப் பிரியுங்கள். ஆரம்பிக்கவே மறந்திருந்தால் கட்டிய இடம் தப்பு, வேறு செயலோடு கட்டுங்கள். நினைவு வந்தும் தள்ளிப்போட்டிருந்தால் அளவு பெரிது.

கோடைமழை:
ஒரு திருத்தம். நாட்குறிப்பு எழுதுவது எத்தனை நாள் போனாலும் "தானாக" வராது. யோசிக்க வேண்டிய வேலை அது. பழக்கமாவது நோட்டைத் திறந்து தேதி போடும் வரைதான். எனவே அங்கே இலக்கு "தேதியும் ஒரு வரியும்". ஷிப்ட் மாறி மாறி வேலை செய்பவர்கள் கடிகார நேரத்தோடு கட்டாதீர்கள். எழுந்து முகம் கழுவுவது எந்த ஷிப்டிலும் உண்டு, அதோடு கட்டுங்கள்.

இரவுப்பறவை:
அப்படியானால் நான்கில் வாசிப்பை மட்டும் எடுக்கிறேன். இரவு பல் துலக்கியதும், ஒரு பக்கம்.

அரைப்பக்கம்:
நின்றபடி படிக்காதீர்கள். எந்த நாற்காலி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.