வங்கி மரம் நட்டால் போதுமா? அறிக்கையில் எதைப் பார்ப்பது?

செந்தூல்வாசி:
வணக்கம். நாங்கள் கணக்கு வைத்திருக்கும் பெரிய வங்கியின் ஊழியர்கள் போன மாதம் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வந்து, சுவருக்குச் சாயம் பூசி, வாசலோரம் கன்றுகள் நட்டு, பதாகையோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அப்புறம் ஒரு போன்கூட இல்லை, தண்ணீர் ஊற்றுவது பள்ளித் தோட்டக்காரர். அவர்களுடைய நிலைத்தன்மை அறிக்கையை (சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் என்ன செய்தோம் என்று வங்கி வெளியிடுவது) திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. இந்தச் சமூகப் பொறுப்பு உண்மையா என்று தெரிந்துகொள்ள அதில் எதைப் பார்க்க வேண்டும்?

கேஎல்_கணக்கர்:
படம் போட்ட பக்கங்களைத் தாண்டிப் போங்கள். வங்கியின் விளக்கும் ஏர்கோனும் வெளியிடும் கரிமம் சொற்பம், அது யாருக்குக் கடன் கொடுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது: நிலக்கரி மின்நிலையமா, செம்பனைத் தோட்டமா, சூரிய மின்சக்தியா? 'ஸ்கோப் 3' என்று தேடுங்கள், அதாவது வங்கி நேரடியாக வெளியிடாமல் அதன் தொழில் தொடர்பில் மற்றவர்கள் வெளியிடும் கரிமம்; அதன் 15ஆவது பிரிவுதான் முதலீடும் கடனும். '2030க்குள் கார்பன் நடுநிலை' என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது எதற்கு என்று பாருங்கள், பல இடங்களில் சொந்தக் கட்டடமும் வண்டியும் மின்சாரமும் மட்டும்தான். மலேசிய வங்கியான சிஐஎம்பி 2020 டிசம்பரில், 2040க்குள் நிலக்கரித் துறைக்குக் கடன் கொடுப்பதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. இப்படி ஆண்டு குறித்துச் சொன்னால்தான் வருடாவருடம் எங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்க முடியும்.

நிபோங்திபால்காரன்:
கணக்கர் சொல்வது சரி, ஆனால் மரம் நடுவதை ஒரேயடியாக ஒதுக்காதீங்க. எங்கள் பக்கம் கடலோரச் சேற்றில் பாக்காவ் (கண்டல் மரம்) கன்று நட பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். அலை எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்காமல் சேற்றில் குத்திவிட்டுப் போனால், தண்டு முழுக்கக் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரி) அப்பி, பாரம் தாங்காமல் கன்று சாய்ந்துவிடும். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் பல வருடமாக நடுகிறார்கள், எந்தச் சேற்றில் எது பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை நட்டார்கள் என்பதை விடுங்கள், அடுத்த வருடம் எத்தனை நிற்கிறது என்று அறிக்கை சொல்கிறதா? அதைப் பாருங்கள்.

தமிழாசிரியை:
பள்ளிக்கு இதைச் செய்யுங்கள் ஐயா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, சாயத்துக்குப் பதிலாக அவர்களுக்குத் தெரிந்த வேலையையே கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பாடம், பெற்றோருக்கு மோசடி அழைப்பு பற்றித் தமிழில் வகுப்பு. மோசடியில் பணம் போனால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்கலாம் என்பதே நம் பாட்டிமார் பலருக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொண்டு, பொறுப்பாளர் யார் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.