கட்டைவிரல் தனியே நடக்கக் கற்ற அனுபவம்

நான்கு ஆண்டுகளாகக் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களை) ஸ்ட்ரம்மிங் செய்து, அதாவது தந்திகளை ஒருசேர வருடி, பாட்டுக்குத் துணையாக வாசிப்பது மட்டுமே எனக்குத் தெரிந்த கிட்டார். ஸ்கேல் பயிற்சிகளைத் தவறாமல் செய்தும் கை ஒரு கட்டத்துக்கு மேல் வளராததால், இனி ஒரே பாணியில் பாடல்களை அடுக்காமல், பாணிக்கு ஓர் உருப்படி என்று எடுத்து அதை முழுமையாகப் படிப்பது என முடிவு செய்தேன்.

முதலில் எடுத்தது இத்தாலிய கிட்டார் இசையமைப்பாளர் மத்தேயோ கர்காஸியின் ஓபஸ் 60 தொகுப்பிலுள்ள 25 எட்டியூடுகளில் (பயிற்சி உருப்படிகளில்) மூன்றாவது. அதில் மெட்டை மோதிர விரல் எடுத்துச் செல்ல, மற்ற விரல்களின் சுரங்கள் அதற்கு அடங்கி ஒலிக்க வேண்டும். என் கையில் எல்லாம் ஒரே அளவில் ஒலித்தன. இரண்டு மாதம் முயன்று, மனமில்லாமல் நிறுத்தி வைத்தேன்.

அடுத்து வந்த, பிரேசில் நாட்டுப் பாணியான போசா நோவாதான் என் கையை மாற்றியது. கட்டைவிரல் தாழ்ந்த தந்திகளில் ஒரு தட்டும் பிசகாமல் நடக்க, மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இழுக்கும் கார்டு பெரும்பாலும் தட்டுக்குத் தட்டு இடையிலுள்ள வெளியில் விழ வேண்டும். என் கட்டைவிரலோ அந்த மூன்று விரல்களும் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே ஓடியது. எனவே தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, ஏ மைனர் கார்டைப் பிடித்தபடி, ஐந்தாம் தந்தி, ஆறாம் தந்தி என்று முதல் வாரம் முழுவதும் கட்டைவிரலை மட்டும் வாசித்தேன். இரண்டாம் வாரம் கார்டு விழும் இடங்களை வாயால் சொன்னேன். மூன்றாம் வாரத்தில்தான் விரல்களைச் சேர்த்தேன். அதன் பிறகு கர்காஸியிடம் திரும்பியபோது, மெட்டு தானாகவே மேலெழுந்து கேட்டது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் சோதித்தது காதை. 12 பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மூன்றே கார்டுகள் என்பதால் எளிது என்று நினைத்திருந்தேன். மூன்றாம் தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகக் கட்டில்) உள்ள டி சுரத்தை இழுத்து ஈ வரை உயர்த்தும் பெண்டிங்கில், நான் ஒவ்வொரு முறையும் சற்றுக் கீழேயே நின்றுவிட்டேன். இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் அதே ஈ-யை முதலில் ஒலித்துக் கேட்டு, பிறகு இழுத்து ஒப்பிட்ட பின்பே பிழை எனக்குப் புலப்பட்டது. மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டு விரல்களையும் தாங்கலாக வைத்து மணிக்கட்டைத் திருப்புவது அவசியம். ஒற்றை விரலின் வலுவை நம்பினால் சுருதி சேராது.

ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசையின் ரஸ்கெயாதோவை (விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் தந்திகளை வருடும் முறையை) ஒரு மாதம்தான் தொட்டேன். அதைப் பற்றிச் சொல்லும் தகுதி இன்னும் எனக்கு வரவில்லை.

இப்போது ஸ்பெயின் இசையமைப்பாளர் தாரேகாவின் ட்ரெமோலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டும் முறை) உருப்படியில் இருக்கிறேன். கட்டைவிரலுக்குப் பின் மோதிரம், நடு, சுட்டு என ஒரே தந்தியில் விழும் மூன்று அடிகளில் நடுவிரல் மட்டும் முந்திக்கொள்கிறது. அழுத்தத்தை வேண்டுமென்றே அந்த விரலுக்கு மாற்றி, மிகக் குறைந்த வேகத்தில், தினமும் கால் மணி நேரம் வாசித்து வருகிறேன்.