தாத்தா வீட்டுத் தஞ்சாவூர் படம்: ‘வீட்டுச் சாமான்’ பாலிசியில் அடங்குமா?

முடிச்சூர்வாசி கேட்டது:

போன வருஷம் பாகப்பிரிவினையில் எனக்கு நிலம் வேண்டாம், கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். மூன்றடிக்கு நாலடியில் தஞ்சாவூர் பட்டாபிஷேகப் படம் ஒன்று. ரவிவர்மா அச்சகத்து லட்சுமி, சரஸ்வதி ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம் போலவே தெரியும் அச்சுப் படம்) இரண்டு. சரஸ்வதியின் புடவைக்குப் பாட்டி தன் கையாலேயே ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருக்கிறாள். கூடவே ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு.

எங்கள் வீடு முடிச்சூரில், தரைத்தளம். 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலில் வாசல் படி வரை வந்து நின்றது. அப்போதெல்லாம் இந்தப் படங்கள் என்னிடம் இல்லை. இப்போது இருக்கின்றன. மழை பலமாகப் பெய்தால் தூக்கம் வருவதில்லை.

ஏஜென்ட் தம்பி, “உங்க வீட்டு பாலிசியிலேயே சாமானுக்கு எட்டு லட்சம் இருக்கு மேடம், படமும் அதுல அடங்கிடும், தனியா எதுக்கு?” என்கிறார். நம்பலாமா? படத்துக்கு விலை யார் போடுவது? நூறு வருஷப் பழசு என்றால் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்கிறார்களே, அதற்கும் இன்சூரன்ஸுக்கும் சம்பந்தம் உண்டா? சின்ன வயதிலிருந்து விளக்கேற்றிக் கும்பிட்ட படம். போனால் பணம் அதற்கு ஈடாகாது. ஆனால் நனைந்தால் பழுது பார்க்கவாவது கையில் காசு வேண்டும்.

அடையாற்றங்கரை எழுதியது:

அம்மா, ஏஜென்ட் சொன்னதை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். நான் அப்படி ஏற்றவன்.

கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் இருந்தோம். 2015 டிசம்பர் 1 இரவு ஏற ஆரம்பித்த தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. என் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த நவநீதகிருஷ்ணன் படம் அதில் மூழ்கியது. வீட்டுச் சாமானுக்கு ஆறு லட்சத்துக்குத் தீ பாலிசி வைத்திருந்தேன்; பெயர்தான் தீ, வெள்ளமும் அதில் அடங்கும். பிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் பணம் வந்தது. படத்துக்கு வந்தது பத்தாயிரம் ரூபாய். ஏன் என்று கேட்டபோது, சேதத்தைக் கணக்கெடுக்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் பாலிசியின் விலக்குப் பகுதியைத் திறந்து காட்டினார். தனியாகக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் கலைப்பொருளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று அந்தத் தீ பாலிசியில் அச்சாகியே இருந்தது. ஏழு வருஷம் பிரீமியம் கட்டிய நான் அந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று விதி வந்தது. அதில் நகை, வெள்ளி, ஓவியம், பழம்பொருள் எல்லாம் ‘மதிப்புமிக்க பொருட்கள்’ என்று தனி விருப்பப் பிரிவு. நீங்கள் கேட்டு, எழுதி வாங்கினால்தான் வரும். உங்கள் எட்டு லட்சத்துக்குள் அது தானாக வந்து உட்காராது. அந்தப் பிரிவின் பெரிய நன்மை, மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்வது. படத்துக்கு நாலு லட்சம் என்று ஒப்புக்கொண்டு எழுதியபின் படம் முழுதாகப் போய்விட்டால், ‘இந்தப் பழைய படத்துக்கு நாலு லட்சமா’ என்ற பேச்சே எழாது.

அந்தப் பிரிவில் மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும், ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். உங்கள் பட்டாபிஷேகம் ஒன்றே அதைத் தாண்டும் என்று நினைக்கிறேன். அதனால் மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. அந்த பாலிசியில் தீ, புயல், வெள்ளம் உண்டு. திருட்டு என்பது அப்படி ஏதாவது நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் திருடு போனால் மட்டும்தான். ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்துத் தூக்கிப் போனால் அதில் வராது. திருட்டுக்குத் தனி பாலிசி வேண்டும். கண்காட்சிக்கோ பழுது பார்க்கவோ வீட்டை விட்டு எடுத்துப் போனால், அங்கே நடக்கும் சேதத்துக்கும் இந்த பாலிசியில் பணம் வராது. கரையான், ராமபாணப் பூச்சி, சுவர் ஓதத்தில் மெல்ல மெல்லக் கெடுவது, இவை எந்தப் பிரிவிலும் கிடையாது. படத்துக்கும் சுவருக்கும் நடுவில் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுப் போக விடுங்கள்.

வெள்ளம் வடிந்தபின் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், இது நடந்து பத்து வருஷம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை. படத்தை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் சாய்த்து வைத்தேன். தஞ்சாவூர் படம் பலாப் பலகை, மேலே துணி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த பூச்சு, அதில் கல், அதன்மேல் தங்கரேக்கு. தண்ணீரில் பசை ஊறி இளகியிருக்கும்; வெயில் பட்டதும் பலகை ஒரு பக்கம் இழுக்க, பூச்சு ஒரு பக்கம் இழுக்க, மத்தியானத்துக்குள் கிருஷ்ணனின் முகத்திலேயே விரிசல். நிழலில், முகம் மேலே பார்க்க, சமமாகப் படுக்க வைத்திருக்க வேண்டும். துடைத்திருக்கக் கூடாது. உதிர்ந்த கல்லையும் ரேக்கையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்க வேண்டும். படத்தின் மரச் சட்டத்தைக் குப்பையில் போட்டேன். சர்வேயர் ஒன்பதாம் நாள் வந்தபோது காட்ட அது இல்லை. பழைய நிலையில் படம் எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் இருந்ததெல்லாம் தங்கை கல்யாண போட்டோவில் பின்னணியில் தெரிந்த ஒரு மூலை மட்டும்.

இன்றே போட்டோ எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, ஏற்கெனவே இருக்கும் கீறல், உதிர்வு எல்லாம் கிட்டத்தில். உயரம், அகலம், பொருள், பின்னால் உள்ள எழுத்து, யாரிடமிருந்து வந்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அருங்காட்சியகங்களும் போலீசும் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்று 1997 முதல் பயன்படுத்தும் முறையே இதுதான். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். என்னுடையது கோயம்புத்தூரில் தங்கை வீட்டில்.

காரைக்குடி பழம்பொருள் எழுதியது:

முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை வைத்திருக்கிறேன். ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கடைக்காரன் கண்ணில் பட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

பதிவு பற்றி: 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம். நூறு வருஷம் ஆன ஓவியம், கல், உலோகம், மரச் சிற்பம் எல்லாம் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் போட்டோவோடு பதிய வேண்டும். பதிவுச் சான்றிதழ் இருந்தால் பொருள் உங்களுடையது என்பதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடையாது, கிளைமிலும், அதாவது இழப்பீடு கேட்கும்போதும், அது பேசும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் படங்கள் குறிப்பிடப்பட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பங்காளிகளிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள் அக்கா.

ஜோடி விளக்கு: இரண்டில் ஒன்று போனால் மிஞ்சியதன் விலை பாதிக்கும் கீழே போய்விடும், எங்களுக்கு அது தினமும் தெரிகிற கணக்கு. பாலிசியில் ஜோடி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பல பாலிசிகளில் போன ஒன்றுக்கு மட்டும்தான் தருவார்கள்.

பழுது பார்க்கப் பணம் வேண்டும் என்றீர்களே, பாதி சேதத்தில் இரண்டு கணக்கு இருக்கிறது. சரிசெய்யும் கூலி ஒன்று. சரிசெய்தபின்னும் குறைந்து போகிற விலை இன்னொன்று. இரண்டாவது கேட்டால்தான் தருவார்கள், எல்லா நிறுவனமும் தராது.

என்னைப் போல வியாபாரம் செய்கிறவர்கள் யாராவது படித்தால்: ஆச்சிமார் ‘வித்துக் கொடுப்பா’ என்று வைத்துவிட்டுப் போகும் சாமான் கமிஷன் சரக்கு. சாதாரணத் தீ பாலிசியில் தனியாக எழுதினால் ஒழிய அதற்குக் காப்பு இல்லை. கடை எரிந்தால் அந்த வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் என் பதிவேட்டில் சொந்தச் சரக்கு ஒரு நோட்டு, கமிஷன் சரக்கு ஒரு நோட்டு. பெங்களூருக்கு லாரியில் அனுப்பிய பெல்ஜியம் கண்ணாடி ஒன்று விரிசலோடு இறங்கியது. பேக்கிங் போதவில்லை என்று கிளைம் நிராகரிப்பு. உண்மையில் வைக்கோலும் கோணியும் மட்டும்தான் சுற்றியிருந்தேன். இப்போது மரப்பெட்டி அடித்து, மூடுவதற்கு முன் போட்டோ எடுக்காமல் எதுவும் கடையை விட்டுப் போவதில்லை. இந்தத் தொழிலில் ‘ஆணி முதல் ஆணி வரை’ என்று ஒரு காப்பு உண்டு. ஒரு சுவரிலிருந்து கழற்றும்போது ஆரம்பித்து வேறு சுவரில் மாட்டும் வரை வழியெல்லாம் அடங்கும். நீங்கள் வீடு மாறும்போது அதைக் கேளுங்கள்.

முடிச்சூர்வாசி மறுபடியும்:

இரண்டு பேருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ஏஜென்ட் தம்பியிடம், “படம் அடங்கும் என்று கம்பெனியிலிருந்து மின்னஞ்சலில் எழுதி வாங்கிக் கொடுங்கள்” என்றேன். சாயங்காலம் கூப்பிட்டு, தனியாக எழுத வேண்டும் மேடம் என்றார்.

அண்ணனும் நானுமாகப் படத்தை இறக்கினோம். நாற்பது வருஷமாகப் பார்க்கும் படத்தின் பின்பக்கத்தை முதல்முறையாகப் பார்த்தேன். பலகையில் தாத்தாவின் அப்பா கையெழுத்தில் ‘1938 தை’ என்று மசியில் எழுதியிருக்கிறது. அப்படியானால் நூறு ஆகவில்லை, 2038ல் பதிய வேண்டும், சரிதானா? சீதையின் மடிக்குக் கீழே ஒரு கல் ஏற்கெனவே இல்லை. அதையும் அளவுகோல் வைத்து எடுத்துவிட்டேன்.

அடையாற்றங்கரை:

சரிதான் அம்மா. அந்த எழுத்தைத் தனியாகக் கிட்டத்தில் இன்னொரு படம் எடுங்கள், மசி மங்கும். மதிப்பீட்டாளரிடமும் முதலில் அதைத்தான் காட்டுங்கள்.

முடிச்சூர்வாசி:

எடுத்துவிட்டேன் ஐயா. அவர் புதன்கிழமை வருகிறார். அதுவரை படம் மாடி அறையில், அண்ணன் கட்டிலின் மேல் படுத்திருக்கிறது.