லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி நார்மல், ஜிஜிடி 212. தெனமும் குடிக்கிறவன் எந்த டெஸ்ட்டைப் பாத்துக்கணும்?

கட்டிங்மாஸ்டர்_38
வணக்கம்ங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டருங்க, வயசு 38. மறைக்க ஒண்ணுமில்ல, பன்னெண்டு வருசமா டெய்லி நைட்டு ஒரு குவாட்டர், சனிக்கெழமை சம்பளம் போட்டா ஆஃப். வேலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டதில்ல, வீட்டுல சண்டை சச்சரவும் இல்லீங்க.

போன வாரம் ப்ளட் டெஸ்ட்டும் வயித்து ஸ்கேனும் எடுத்தேன். எஸ்ஜிஓடி 78, எஸ்ஜிபிடி 41, ஜிஜிடி 212, பிலிருபின் 1.1, ஆல்புமின் 3.9, பிளேட்லெட் 1.60 லட்சம். ஸ்கேன்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர்னு போட்டிருக்கு. லேப்ல கேட்டதுக்கு எஸ்ஜிபிடி நார்மல் தான், பயப்படாதீங்கன்னாங்க. நான் கேக்கறது என்னன்னா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா எல்எப்டி, அதான் இந்த லிவர் ப்ளட் டெஸ்ட், எடுத்துப் பாத்துட்டே இருந்தா போதுமுங்களா, இல்ல லிவர் கெடறதுக்கு முன்னாடியே காட்டிக் குடுக்கற டெஸ்ட் வேற ஏதாச்சும் இருக்குதா? குடியை விடுன்னு சொல்றதுக்கு வீட்டுலயே ஆள் இருக்காங்க, அதனால டெஸ்ட்டப் பத்தி மட்டும் சொல்லுங்க.

ரத்தக்குழாய்
ப்ரோ, நான் லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்ல. எஸ்ஜிபிடியை மட்டும் பாத்து சந்தோசப்படாதீங்க. குடியால லிவர் அடி வாங்கினா பொதுவா எஸ்ஜிஓடி தான் கூட ஏறும், எஸ்ஜிபிடி சும்மா இருக்கும். எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியப் போல ரெண்டு மடங்குக்குப் பக்கத்துல இருந்தாலே குடிதான் காரணமோன்னு சந்தேகப்படுவாங்க, உங்களது அப்படியேதான் இருக்கு. ஜிஜிடி 212ம் அதே கதைதான்.

ஆனா இது எல்லாத்தையும் விட என் கண்ணு போனது பிளேட்லெட் மேல. 1.5ல இருந்து 4.5 லட்சம் வரைக்கும் நார்மல்ங்கறதால ரிப்போர்ட்ல ஸ்டார் குறி விழாது, யாரும் கண்டுக்க மாட்டாங்க. லிவர்ல தழும்பு விழுந்து ரத்தம் உள்ள போக வழி அடைச்சா மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட் அங்க போய் மாட்டிக்கும், அதனால எண்ணிக்கை கொறையும். பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தா எடுத்து பக்கத்துல வச்சுப் பாருங்க. ஸ்கேன் ரிப்போர்ட்ல ஸ்ப்ளீன், அதான் மண்ணீரல், எத்தனை சென்டிமீட்டர்னும் பாத்து சொல்லுங்க. டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தினீங்க?

கட்டிங்மாஸ்டர்_38
நாலு நாள் நிறுத்தினேங்க, ரிப்போர்ட் நல்லா வரட்டும்னு 😅 மொத ரெண்டு நாள் தூக்கமே இல்ல, வேர்த்து ஊத்துச்சு, கத்தரி புடிக்கறப்ப கை ஆடிருச்சு. 2021ல கம்பெனில எடுத்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்ட பீரோல தேடி எடுத்தேன், அதுல பிளேட்லெட் 2.45 லட்சம்னு இருக்குது. ஸ்ப்ளீன் 12.6. பக்கத்துல பார்டர்லைன்னு எழுதியிருக்காங்க. இத யாருமே எங்கிட்ட சொல்லலீங்களே.

ஊர்ப்பெருசு
தம்பி இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பயப்படுற. எங்க தாத்தா கள்ளு சாராயம்னு 82 வயசு வரைக்கும் குடிச்சாரு, கடைசியா பாம்பு கடிச்சுதான் செத்தாரு. கீழாநெல்லிய வெறும் வயித்துல மோர்ல அரைச்சு குடி, குடிக்கு முன்னாடி நல்லா முட்டை கறின்னு சாப்பிடு, ஒண்ணும் ஆகாது.

மீனாட்சி_அக்கா
பெரியவரே, உங்க தாத்தா தப்பிச்சாரு, எங்க அண்ணன் தப்பிக்கல. மதுரைல நானே கூட இருந்து பாத்தது, அதனால சொல்றேன். அவருக்கும் இதே மாதிரி ரெண்டு வருசமா எஸ்ஜிபிடி நாப்பதுக்குள்ளயேதான் இருந்துச்சு, அவரும் அந்த ரிப்போர்ட்ட மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வீட்டுல யாரு பேசினாலும் எடுத்து நீட்டுவாரு. 2019ல என் மக காதுகுத்துல பந்தியில உக்காந்திருக்கயிலயே ரத்த வாந்தி. எண்டோஸ்கோப்பி போட்டுப் பாத்தா உணவுக் குழாய்ல நரம்பெல்லாம் புடைச்சு நிக்குது, சிர்ரோசிஸ், லிவர் முழுக்கத் தழும்பாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. நார்மல்னுதானே இருந்துச்சுன்னு நான் அழுதுக்கிட்டே கேட்டேன். எஸ்ஜிபிடி, செல்லு உடையிறப்ப ரத்தத்துக்கு வர்றது, உடையிறதுக்கே செல்லு கொறைஞ்சு போச்சுன்னா எங்கம்மா ஏறும்னு அந்த டாக்டர் கேட்டது இன்னும் காதுல இருக்கு. அப்புறம் பதினாலு மாசந்தான்.

அதுக்கு முன்னாடியே ஒடம்பு சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு, எங்களுக்குத்தான் தெரியல. சாயங்காலமானா கால் வீங்கும், செருப்பு அச்சு அப்படியே பதியும். கையி காலு குச்சியா ஆயிடுச்சு ஆனா வேட்டி மட்டும் இடுப்புல எட்டல, தொப்பைன்னு நெனச்சு கேலி பண்ணோம். உள்ளங்கை செவப்பா இருக்கும். மலம் தாரு மாதிரி கருப்பா போனா ஒரு மணி நேரம் கூட வீட்டுல இருக்கக் கூடாது தம்பி, அது உள்ள ரத்தம் கசியுறது.

ரத்தக்குழாய்
அக்கா சொன்னதுல ஒரு எழுத்து கூட மிகை இல்ல.

மாஸ்டர், ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, காசு செலவில்ல. வயசை எஸ்ஜிஓடியால பெருக்குங்க, 38 இன்டு 78, 2964. பிளேட்லெட்டை ஆயிரத்துல எடுத்து (உங்களுக்கு 160) எஸ்ஜிபிடியோட ஸ்கொயர் ரூட்டால பெருக்குங்க, 41க்கு 6.4, அப்ப 1024. வகுத்தா 2.89 வருது. 1.3க்கு கீழ இருந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, 2.67 தாண்டினா லிவர் டாக்டரைப் பாக்கணும்பாங்க. குடிக்கிறவங்களுக்கு எஸ்ஜிஓடி குடியாலயே ஏறி இருக்கறதால இந்த நம்பர் கொஞ்சம் மிகையா காட்டலாம், அதனால இதை வச்சு சிர்ரோசிஸ்னு முடிவு கட்டிடாதீங்க. ஆனா 2.45 லட்சம் 1.60 ஆனதும் ஸ்ப்ளீன் பார்டர்ல நிக்கறதும் சேர்ந்து வருதே, அதான் எனக்கு உறுத்துது.

அடுத்து ஃபைப்ரோஸ்கேன். ஊசி கெடயாது, விலா எலும்பு சந்துல தட்டி தட்டி லிவர் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு கிலோபாஸ்கல்ல சொல்லும். 6க்கு கீழ வந்தா நிம்மதி, 12.5க்கு மேல போனா சிர்ரோசிஸ்னு சந்தேகம். தொடர்ந்து குடிச்சிட்டு இருக்கறப்ப எடுத்தா வீக்கத்தால கூட காட்டும், ரெண்டு மூணு வாரம் நிறுத்திட்டு எடுத்தா உண்மை நம்பர் வரும்.

நாலு நாள் நிறுத்திட்டு டெஸ்ட்டுக்குப் போறது பரிச்சைக்கு பிட் எடுத்துட்டுப் போற மாதிரி. எஸ்ஜிஓடி ரெண்டு நாள்லயே எறங்க ஆரம்பிச்சிரும், குடிச்சிட்டு இருந்தப்ப எடுத்திருந்தா 78 இன்னும் மேல நின்னிருக்கலாம். ஜிஜிடி பாதியாகவே ரெண்டு மூணு வாரம் ஆகும், அதான் அது மாட்டி விட்ருச்சு.

இன்னொண்ணு, ஒரு குவாட்டர் தான்னு எழுதியிருக்கீங்க. 180 மில்லில 42.8 சதவீதம்னா சுத்தமான ஆல்கஹால் 60 கிராம் வருது. அது கொஞ்சம் இல்ல மாஸ்டர்.

இரவுக்காற்று
எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க, அவர் கை ஆடுச்சுன்னு சொன்னாரே. எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது, வீராப்பா ஒரேயடியா நிறுத்தினேன், ரெண்டாம் நாள் பாத்ரூம்ல ஃபிட்ஸ் வந்து விழுந்து மண்டை உடைஞ்சது. டெய்லி குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா மொத 48 மணி நேரத்துல ஃபிட்ஸ் வரலாம், அதுக்கப்புறம் மூணாம் நாள் நாலாம் நாள் கூட ஆள் தெரியாம பெனாத்தறது வரலாம், அது உசுருக்கே ஆபத்து. அதனால ஃபைப்ரோஸ்கேனுக்காக ரெண்டு வாரம் நிறுத்தறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க, மாத்திரையும் பி1 விட்டமினும் குடுத்து பாத்துப்பாங்க. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயே இதுக்குப் பாக்கறாங்க. 14446னு ஒரு இலவச நம்பர் இருக்கு, அதுலயும் எங்க போகணும்னு சொல்வாங்க. வெக்கப்பட்டு மறைக்காம அளவ உள்ளபடி சொல்லுங்க, நான் பாதி அளவு சொல்லித்தான் மாட்டினேன்.

அப்புறம் கீழாநெல்லி, லிவர் டானிக் எல்லாம் சாப்பிட்டுக்கிட்டே குடிக்கிறது ஓட்டைப் பானைல தண்ணி ஊத்தற கதை. மண்டைவலிக்குன்னு பாராசிட்டமால் அள்ளிப் போடாதீங்க, உங்க லிவருக்கு அளவு கம்மி, டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. ஹெபடைட்டிஸ் பி, சி ரெண்டும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிடுங்க.

கட்டிங்மாஸ்டர்_38
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து குடிக்கலைன்னு சொன்னா பொய், ஆனா பாதிதான். அக்கா சொன்ன செருப்பு அச்சு விசயத்தப் படிச்சுட்டு நைட்டு வெளக்கப் போட்டு காலைப் பாத்தேன், வீட்டுக்காரி என்னங்கன்னு எந்திரிச்சுருச்சு, அப்பறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கோயமுத்தூர்ல லிவர் டாக்டர்கிட்ட வர்ற வியாழக்கெழமை 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன், மச்சான் கூட வர்றாரு. ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போறேன், குவாட்டர் கணக்கையும் உள்ளபடியே சொல்லிடறேன். நிறுத்தறது எப்படின்னு அவரே சொல்லட்டும். அன்னிக்கே ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னா சாப்பிடாம போகணுமுங்களா?

ரத்தக்குழாய்
மூணு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடக் கூடாது, டீயும் வேணாம். சுகர் மாத்திரை போடறவரா இருந்தா முன்னாடியே கேட்டுக்கங்க. வேணும்னா ரெண்டு வாய் தண்ணி குடிக்கலாம்.

கட்டிங்மாஸ்டர்_38
எந்தத் தண்ணிங்க? 😀

மீனாட்சி_அக்கா
கொழாய்த் தண்ணி தம்பி. போயிட்டு வந்து நம்பர் எவ்வளவுன்னு இங்க போடு.